பிரபலங்களின் தன்வரலாறுகளும் நாய்க்கதைகளும்: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதத்துக்கு ஒரு நூலை எடுத்துப் பேசுகிறோம். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிய பிறகும் வாசலில் நின்று எங்களைப் பேச வைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை நூல்கள்: உலகறிந்த மனிதர்கள் எழுதிய தன்வரலாறுகள், நாய்களோடு வாழ்ந்தவர்கள் எழுதிய கதைகள். இவற்றைப் பொழுதுபோக்கு வாசிப்பு என்று ஒதுக்குவோரும், படித்துவிட்டுப் பல நாள் தூக்கம் கெட்டோரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பார்கள். கூட்டங்களை ஒருங்கிணைப்பவன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், அவற்றுக்கு என் வாசிப்பில் கிடைத்த விடைகளையும் இங்கே தருகிறேன்.

நடிகரின் வாழ்க்கையும் நாயின் வாழ்க்கையும் எப்படி ஒரே பேச்சில் வரும்?

இரண்டும் "இது உண்மையில் நடந்தது" என்ற ஒரே வாக்கின் மேல் நிற்கின்றன. நாவலில் ஒரு நாய் பிழைத்தால் அது எழுதியவரின் விருப்பம். நினைவுக்குறிப்பில் பிழைத்தால் உண்மையாகவே ஓர் உயிர் தப்பியிருக்கிறது என்று நம்பித்தான் நாம் மூச்சு விடுகிறோம். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிய நூலுக்கு நடை சாதாரணமாக இருந்தாலும் வாசகர்கள் மன்னிப்பு வழங்குகிறார்கள் என்பதையும், அதைக் கெடுத்த நூலை எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் மீண்டும் கையில் எடுப்பதில்லை என்பதையும் கூட்டம் தோறும் கண்டிருக்கிறேன்.

இரண்டு வகையும் ஒரே நூலில் சந்திப்பதும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பிறந்த நகைச்சுவைக் கலைஞர் டிரெவர் நோவா 2016இல் வெளியிட்ட "பார்ன் எ கிரைம்" பெரும்பாலும் நிறவெறிக் காலத்தின் கதை. வெள்ளைத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்ததே அந்நாளில் சட்டப்படி குற்றத்தின் சான்றாக இருந்த ஒருவரின் கதை. அதன் நடுவே ஃபூஃபி என்ற நாய் வருகிறது. பகலில் வீட்டில் யாரும் இல்லாதபோது அது மதிலைத் தாண்டி எங்கோ போய்விடுகிறது. சிறுவன் சைக்கிளில் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், வேறொரு வீட்டுப் பையன் அதற்கு வேறொரு பெயர் வைத்துத் தன் நாய் என்று வளர்த்துக்கொண்டிருக்கிறான். சண்டைக்குப் பிறகு அம்மா பணம் கொடுத்து அதை மீட்டு வருகிறார். ஃபூஃபிக்குக் காது கேட்காது என்பதே அவர்களுக்குப் பிற்காலத்தில்தான் தெரிய வருகிறது. "என்னுடையது" என்று நினைத்த அன்பு தனக்கு மட்டும் உரியதல்ல என்று ஒரு சிறுவன் முதன்முதலாக அறிந்துகொள்ளும் இடம் அது. அந்த நூலில் எங்கள் வட்டத்தினர் அதிகம் பேசியது இந்தச் சில பக்கங்களைத்தான். வளர்ந்து உலகப் புகழ் பெற்றவரின் பெருமைகள் எதுவும் அங்கே செல்லுபடியாகவில்லை. மதிலின் இந்தப் பக்கம் நின்று ஏங்கும் ஒரு பையன் மட்டுமே இருக்கிறான்.

பிரபலங்கள் தாமே எழுதுவதில்லையாமே? வேறொருவர் எழுதியதை அவருடைய வாழ்க்கை என்று விற்பது ஏமாற்று இல்லையா?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. பெயர் வெளியே தெரியாமல் எழுதித் தருபவரை ஆங்கிலப் பதிப்புலகில் கோஸ்ட் ரைட்டர் என்கிறார்கள். நம் பத்திரிகை உலகில் "சொல்லச் சொல்ல எழுதியவர்" என்ற மரபு பழையது. எழுதித் தருவது அதனளவில் ஏமாற்று ஆகாது என்பதே என் கருத்து. சொல்பவர் மனம் திறக்கிறாரா, எழுதுபவர் அதை மழுப்பாமல் காக்கிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இதற்கு ஆகச் சிறந்த சான்று டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் "ஓப்பன்". 2006இல் தம் கடைசி அமெரிக்க ஓப்பன் போட்டிகளின்போது அகாசி ஒரு நினைவுக்குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். அதை எழுதியவர் புலிட்சர் பரிசு பெற்ற பத்திரிகையாளர் ஜே. ஆர். மோரிங்கர். அந்த நூலில் மனத்தைப் பறிகொடுத்த அகாசி அவரையே தேடிப் பிடித்துத் தம் கதையை எழுத அழைத்தார். மோரிங்கர் லாஸ் வேகஸுக்குக் குடிபெயர்ந்து, நீண்ட உரையாடல்களைப் பதிவு செய்து எழுதினார். அட்டையில் பெயர் போட அகாசி முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார். நன்றியுரையில் அகாசி அவருடைய பங்கை வெளிப்படையாகச் சொல்கிறார். 2009இல் வந்த அந்த நூலை, வேறொருவர் கைபட்டது என்று தெரிந்த பிறகும் பொய் என்று சொன்ன வாசகரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

இதே மோரிங்கர்தான் இளவரசர் ஹாரியின் "ஸ்பேர்" நூலுக்கும் துணை நின்றவர். 2023 ஜனவரி 10 அன்று அது வெளிவந்தபோது அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றிலும் சேர்த்து முதல் நாளில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. இராணுவப் பயிற்சியில் ஹாரியைச் சிறைபிடித்தவராக நடித்தவர் ஹாரியின் தாய் டயானாவை இழிவாகப் பேசிய ஒரு காட்சியின் முடிவில், தாம் திருப்பிச் சொன்ன பதிலையும் சேர்க்க வேண்டும் என்று ஹாரி வற்புறுத்தியதாகவும், அது காட்சியின் வலுவைக் குறைத்துவிடும் என்று தாம் வாதாடியதாகவும் மோரிங்கர் பின்னர் ஒரு கட்டுரையில் எழுதினார். எழுதிக் கொடுப்பவரின் உண்மையான பணி எதுவென்று அந்தச் சச்சரவில் தெரிகிறது. சொல்பவர் தம்மை உயர்த்திக் காட்ட ஆசைப்படும் இடத்தில், "இது உங்களுக்கு நல்லது, புத்தகத்துக்கு நல்லதல்ல" என்று சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும்.

நம் அப்துல் கலாமின் "அக்னிச் சிறகுகள்" 1999இல் ஆங்கிலத்தில் வந்தபோதே அருண் திவாரியின் பெயரும் சேர்ந்தே வந்தது. ஒரு துளி ஐயமும் யாருக்கும் எழவில்லை. என்னைக் கேட்டால் எல்லாரும் பின்பற்ற வேண்டிய வழி அதுதான்.

ஒரு தன்வரலாறு நேர்மையானதா என்று வாசகர் எப்படிக் கண்டுகொள்வது?

எழுதியவருக்கு நட்டம் தரக்கூடிய செய்தி ஏதாவது அதில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். அகாசி 1997இல் தாம் போதைப்பொருள் பயன்படுத்தியதையும், சோதனையில் சிக்கியபின் தெரியாமல் உதவியாளரின் பானத்தைக் குடித்துவிட்டதாகப் பொய்க் கடிதம் எழுதித் தப்பியதையும் தாமே ஒப்புக்கொள்கிறார். யாரும் கேட்காத கேள்விக்கு அவராக அளித்த விடை அது.

அடுத்ததாக, சின்னஞ்சிறு விவரங்களைப் பார்க்கிறேன். 1990 பிரெஞ்சு ஓப்பன் இறுதியாட்டம் அகாசிக்கு முதல் கிராண்ட் ஸ்லாம் இறுதி. அக்காலத்தில் உலகமே வியந்த அவருடைய நீண்ட முடி, உண்மையில் வழுக்கையை மறைக்க அணிந்த பொய்முடி. முந்தைய நாள் இரவு குளிக்கும்போது அது பிய்ந்துபோகிறது. அண்ணனும் அவரும் கொண்டையூசிகளைக் குத்தி ஒருவாறு நிறுத்துகிறார்கள். மறுநாள் களத்தில் இறங்கும்போது வெற்றிக்காக அல்லாமல், இந்த முடி விழுந்துவிடக் கூடாதே என்றுதான் அவர் வேண்டிக்கொள்கிறார். ஆந்த்ரேஸ் கோமெஸிடம் தோற்கிறார். புகழ் என்பது ஒருவரை எப்படிக் குனிய வைக்கிறது என்று நூறு பக்கம் தத்துவம் எழுதினாலும் அந்தக் கொண்டையூசிகளுக்கு ஈடாகாது.

தமிழில் இந்த வகை நேர்மைக்குக் கண்ணதாசனின் "வனவாசம்" இருக்கிறது. தம்மையே "அவன்" என்று படர்க்கையில் எழுதி, அரசியலிலும் வாழ்விலும் தாம் சறுக்கிய இடங்களை அவர் மறைக்காமல் வைத்தார். அரசியல் தீர்ப்புகளில் அவரோடு உடன்படாத எங்கள் வட்டத்து நண்பர்களும் அந்த நூலை ஒதுக்குவதில்லை.

பிறரைக் காயப்படுத்தும் பகுதிகளை என்ன செய்வது?

"பிரண்ட்ஸ்" தொடரால் புகழ்பெற்ற மேத்யூ பெர்ரி 2022இல் எழுதிய நூலில், திறமைசாலிகள் இளம் வயதில் இறந்துபோகும்போது நடிகர் கியானு ரீவ்ஸ் மட்டும் நம்மிடையே நடமாடுகிறாரே என்ற பொருளில் இரண்டு இடங்களில் எழுதிவிட்டார். வாசகர்கள் கொதித்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார், இனி வரும் பதிப்புகளில் அந்த வரிகளை நீக்குவதாகவும் சொன்னார். மதுவுக்கும் மாத்திரைகளுக்கும் அடிமையாகி மரணத்தின் விளிம்புக்குப் போய்வந்ததை அவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன நூல் அது. மறு ஆண்டு அக்டோபரில் அவர் காலமானபோது அந்தப் பக்கங்களை மீண்டும் படித்துக் கலங்கியவர்கள் பலர். தம்மைப் பற்றி எவ்வளவு கடுமையாகவும் எழுதலாம், பிறருக்குச் சுடுசொல் தேவையில்லை என்ற முடிவுக்கே நாங்கள் வந்தோம்.

உண்மைக் கதை என்று சொல்லிவிட்டுச் சிறிது கற்பனை சேர்த்தால் தவறா?

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் தம் முதிய பூடில் நாய் சார்லியுடன் ஒரு வண்டியில் அமெரிக்காவைச் சுற்றி வந்தார். வண்டிக்கு ஸ்பானிய நாவல் நாயகன் டான் குயிக்ஸாட்டின் குதிரைப் பெயரான ரோசினான்டே என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பயணத்தை வைத்து அவர் எழுதிய "டிராவல்ஸ் வித் சார்லி" 1962இல் வந்தது. அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையாளர் அதே வழியில் போய் ஆராய்ந்து, நூலில் வரும் சந்திப்புகள் பலவும் கற்பனை என்றும், தனிமையில் முகாமிட்டதாகச் சொன்ன இரவுகள் பலவற்றை ஸ்டைன்பெக் விடுதிகளில் கழித்திருக்கிறார் என்றும் எழுதினார். பின்னர் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையிலேயே, இதை அப்படியே நடந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

எனக்கு இது வருத்தம் தந்த செய்தி. ஆனால் நூலை மீண்டும் புரட்டியபோது ஒன்று கவனித்தேன்: மனிதர்கள் பேசும் பக்கங்களில்தான் ஐயம் எழுந்தது. சார்லிக்குச் சிறுநீர் இறங்காமல் வலியெடுத்தபோது ஸ்டைன்பெக் படும் பதற்றத்தை நான் இன்றும் நம்புகிறேன். முதிய நாயை வளர்த்த எவருக்கும் அந்தப் பதற்றம் தெரியும்.

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ப் இதை வேறு விதமாகக் கையாண்டார். கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் காக்கர் ஸ்பானியல் நாயைப் பற்றி 1933இல் அவர் எழுதிய "ஃபிளஷ்" நூலில், லண்டனின் நாய்த் திருடர்கள் அதைக் கடத்திப் போய்ப் பணம் பறிக்கும் பகுதி ஒருமுறைதான் வருகிறது. உண்மையில் ஃபிளஷ் மூன்று முறை கடத்தப்பட்டது. கதையின் ஒருமைக்காக மூன்றையும் ஒன்றாக்கினேன் என்று வுல்ப் பின்குறிப்பில் சொல்லிவிடுகிறார். ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரியால் வாசகருக்கும் அவருக்கும் இடையிலான கணக்கு நேராகிவிடுகிறது.

ஹச்சிக்கோவின் கதை உண்மையா, திரைப்படத்துக்காகப் பெரிதாக்கப்பட்டதா?

உண்மை, திரையில் வந்ததைவிட உண்மை கனமானது என்றும் சொல்வேன். ஹச்சிக்கோ என்ற நாய் 1923இல் ஜப்பானின் அகிதா பகுதியில் பிறந்தது. டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பேராசிரியராக இருந்த உவேனோ ஹிதேசாபுரோவிடம் அது குட்டியாக வந்து சேர்ந்தது. 1925 மே 21 அன்று அவர் பணியிடத்திலேயே காலமானார். அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது ஏறத்தாழ 16 மாதங்கள். இறந்த எசமானருக்காக ஹச்சிக்கோ டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்தது ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல். என்னை உலுக்குவது இந்தக் கணக்குதான்.

அந்தக் காத்திருப்பின் தொடக்க ஆண்டுகளில் அதை யாரும் போற்றவில்லை. நிலையத்தில் விரட்டப்பட்டது, அடிபட்டது. 1932இல் ஆசாஹி நாளிதழில் கட்டுரை வந்த பிறகே மக்கள் அதைத் தேடி வரத் தொடங்கினார்கள். 1934இல் ஷிபுயாவில் அதன் சிலை திறக்கப்பட்டபோது ஹச்சிக்கோவே அங்கே உயிரோடு இருந்தது. 1935 மார்ச் 8 அன்று தெருவில் இறந்து கிடந்தது. போர்க்காலத்தில் உலோகத்துக்காக அந்தச் சிலை உருக்கப்பட்டது. முதல் சிலையை வடித்தவரின் மகன் 1948இல் மறு சிலையை வடித்தார்.

நிலையத்தருகே விற்ற கோழிக்கறிக்காகத்தான் அது வந்தது என்று சொன்னவர்களும் உண்டு. இறந்த பின் அதன் வயிற்றில் கறி சுட்ட குச்சிகள் இருந்தது உண்மை. அதனால் உயிர் போகவில்லை என்பதையும், நுரையீரலிலும் இதயத்திலும் புற்றுநோய் இருந்தது என்பதையும் 2011இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் பாதுகாக்கப்பட்ட உறுப்புகளைச் சோதித்து அறிவித்தார்கள். கறித்துண்டு கிடைத்ததால் காத்திருப்பு பொய்யாகிவிடாது. தெருவில் வாழும் உயிர் கிடைத்ததைத் தின்னும். மாலையானதும் வாயிலைப் பார்த்து உட்காரும். இரண்டும் ஒரே நாய் செய்தவைதான்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்து நாய் பாபி?

எசமானரின் கல்லறையில் 14 ஆண்டுகள் இருந்ததாகச் சொல்லப்படும் இந்தச் சிறு நாய் 1872இல் இறந்தது. பார்வையாளர்களைக் கவரும் பொருட்டு ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு நாய்கள் அங்கே இருந்திருக்கலாம் என்று 2011இல் ஓர் ஆய்வாளர் வாதிட்டார். நான் கதையை நம்புவதைவிட, நகரத் தலைவர் 1867இல் நாய் வளர்ப்பு உரிமக் கட்டணத்தைத் தாமே செலுத்தி அதற்கு வழங்கிய கழுத்துப்பட்டையை நம்புகிறேன். அது இன்றும் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாய் இறுதியில் இறந்துவிடும் என்று தெரிந்தும் இப்புத்தகங்களை ஏன் படிக்கிறார்கள்? அழ வைப்பதற்காகவே எழுதப்பட்டவை அல்லவா?

சில நூல்கள் அப்படித்தான் எழுதப்படுகின்றன, மறுக்கவில்லை. நாயின் குணம் எதுவும் சொல்லாமல், கடைசி அத்தியாயத்தில் மட்டும் மழையையும் மருத்துவரையும் கொண்டுவருபவை அவை.

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் குரோகனின் "மார்லி அண்ட் மீ" (2005) அந்த வகை அல்ல. மார்லி லாப்ரடார் இனம்; இடியோசை கேட்டால் சுவரைப் பிராண்டிப் பெயர்க்கும், பயிற்சி வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டது, விழுங்கக்கூடாத அனைத்தையும் விழுங்கியது. அது இறந்தபின் குரோகன் தம் நாளிதழில் ஒரு பத்தி எழுதினார். உலகிலேயே மோசமான நாய் என்று அவர் சொன்னதை ஒப்புக்கொள்ளாமல், "அந்தப் பட்டம் எங்கள் வீட்டு நாய்க்கு உரியது" என்று வாதாடி நூற்றுக்கணக்கானோர் கடிதம் எழுதினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் நூல். அத்தனை நாசத்தையும் இருநூறு பக்கம் நாம் கூடவே இருந்து பார்த்திருப்பதால் கடைசிப் பக்கங்களின் கண்ணீர் நியாயமாகிறது.

ஓய்வுபெற்ற ஓர் உறுப்பினர் அந்த நூலைத் திருப்பித் தந்தபோது, முடிவதற்கு மூன்று அத்தியாயங்கள் இருக்கும் இடத்தில் பேருந்துச் சீட்டு ஒன்று செருகியிருந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை என்றார். "அது அங்கேயே உயிரோடு இருக்கட்டும் தம்பி" என்றார். முடிவைப் படிக்காத வாசிப்பு முழுமையற்றது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; இன்றும் அது தவறான வாசிப்பு என்று நான் எண்ணவில்லை.

என் வீட்டிலும் ஒரு நாய் 12 ஆண்டுகள் இருந்தது. வெளிக்கதவைத் திறந்தால் இடுக்கில் புகுந்து ஓடிவிடும் என்பதால் வலது காலை நீட்டி மறித்துக்கொண்டேதான் திறப்போம். அது போன பிறகும் ஆறேழு மாதங்கள் என் கால் தானாகவே நீண்டது. நல்ல நாய்க்கதைகள் இப்படி உடம்பில் தங்கிவிட்ட பழக்கத்தைத்தான் எழுதுகின்றன.

நாயே எழுதியதுபோன்ற நூல்களைப் படிக்கலாமா?

பொதுவாக எனக்கு ஒவ்வாது. விதிவிலக்காக, அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி பார்பரா புஷ் தம் நாய் மில்லி சொல்லச் சொல்ல எழுதியதாக 1990இல் வெளியிட்ட நூலைச் சொல்லலாம். வெள்ளை மாளிகை வாழ்க்கையை அவருடைய சொந்தத் தன்வரலாற்றைவிட இயல்பாகக் காட்டியது என்று வாதாடுவோர் உண்டு. அதன் வருமானம் எழுத்தறிவுப் பணிக்குப் போனது.

தமிழில் இத்தகைய நாய்க்கதை பழைய காலத்தில் இருந்ததா?

கல்லில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து, அதாவது 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. மாடுகளைக் காத்து வீழ்ந்த வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்று நாயின் பெயரைச் சொல்லி, அது இரு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. விசுவாசம் என்ற சொல்லோ, வியப்போ, இரக்கமோ அதில் இல்லை. பெயர், செயல், அவ்வளவுதான். 1400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் நம்மிடம் இருக்கிறது என்று கூட்டத்தில் சொன்ன அன்று சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அச்சு நூலா, ஒலிநூலா?

தன்வரலாற்றை எழுதியவரே வாசித்திருந்தால் ஒலிநூலையே பரிந்துரைப்பேன். டிரெவர் நோவா பல ஆப்பிரிக்க மொழிகளைப் பேசி நடிக்கும் இடங்களை அச்சில் பிடிக்க முடியாது. மிஷேல் ஒபாமாவின் "பிகமிங்" நூலும் அவர் குரலில் இருக்கிறது. நாய்க்கதைகளை அச்சில் படிப்பதே நல்லது. நிறுத்தத் தோன்றும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

அண்மையில் நாயை இழந்த நண்பருக்கு ஒரு நாய்க்கதையைப் பரிசளிக்கலாமா?

உடனே வேண்டாம். ஒருமுறை நல்லெண்ணத்தில் நான் அப்படிச் செய்தேன். பிரிக்கப்படாமலேயே அந்தப் பொட்டலம் ஓராண்டு அவர் அலமாரியில் இருந்தது. நாயைப் பறிகொடுத்தவருக்கு அந்த வாரத்தில் வேறொருவர் நாயின் கதை தேவைப்படுவதில்லை. தம் நாயைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறது. போய் உட்கார்ந்து, அது எதைக் கடித்து வைத்தது, எங்கே படுத்தது, யாரைக் கண்டால் குரைத்தது என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, கோவிவனைப் போல அதன் பெயரையும் ஒருமுறை கேட்டு, பேச்சில் அந்தப் பெயரையே பயன்படுத்துங்கள். புத்தகத்தை அவர் கேட்கும்போது கொடுத்துக்கொள்ளலாம்.